அம்மா வராத சாயங்காலம்

குழந்தைகள் கிளப் மூடுகிற நேரம். கப்பலின் நடுத்தளத்தில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மாக்களும் அப்பாக்களும் முண்டியடித்தார்கள். அவரவர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய், மறந்துவிட்ட தொப்பிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் திரும்பி ஓடி வந்து, ஒருவழியாகக் கலைந்தார்கள். எல்லோரும் போன பிறகு உள்ளே ஒரே ஒரு குழந்தை மிச்சம் இருந்தது.

சிட்டு என்று கூப்பிட்டார்கள். நாலு வயது. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா எங்கே என்று கேட்கவில்லை. அழவும் இல்லை.

அவளுக்கும் சேர்த்து கிளப் டீச்சர்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"காலைல திறந்ததும் கொண்டுவந்து விட்டாங்க மேடம். மூடறதுக்கு முன்னாடி வந்துடறேன்னாங்க. பெத்தவங்களைக் கூப்பிடறதுக்குன்னு நாங்க ஒரு போன் குடுப்போம், அதை அணைக்கவே முடியாது. அதுக்கு அடிச்சா மணி போகுது, எடுக்க மாட்டேங்கறாங்க. ஒலிபெருக்கில கூப்பிட்டுப் பார்த்தாச்சு. ரூம்லயும் ஆள் இல்ல. நடுக்கடல்ல ஒரு மனுஷி எங்க மேடம் போவாங்க?"

டீச்சர் மேடம் என்று அழைத்தவரை இந்தக் கப்பலில் பாதிப் பேர் அத்தை என்றே அழைத்தார்கள். அதற்குக் காரணம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை. சாப்பாட்டுக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் "அத்தை!" என்று கூப்பிடும் குரலைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே பழகிவிட்டது.

அத்தைக்குத் தொழில் துப்பறிவது. அதனால்தான் டீச்சர் ஆளனுப்பி அவரை வரவழைத்திருந்தாள். மாப்பிள்ளை அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவர் மகளைக் காதலித்து, மருமகனாகப் பதவி உயர்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்பு "டேய், இங்க வா" என்று இருந்தது இப்போது "மாப்பிள்ளை, இங்க வாங்க" என்று ஆகியிருந்தது. மற்றபடி வேலையும் குறையவில்லை, திட்டும் குறையவில்லை. தேனிலவுக்குக் கிளம்பும்போது "பாவம், அம்மாவும் வரட்டுமே" என்று மகள் சொன்னாள். கப்பல் நகர்ந்த நிமிடத்திலிருந்து அவள் தலைசுற்றிப் படுத்த படுக்கை. ஆகவே மாமியாரோடு தேனிலவு கொண்டாடும் பாக்கியம் மாப்பிள்ளைக்கு வாய்த்தது.

"அத்தை, இது ஏதோ கணவன் மனைவி சண்டையா இருக்கும். இந்நேரம் ரெண்டு பேரும் சமாதானமாகி டான்ஸ் ஆடிட்டிருப்பாங்க."

"கணவன் கிடையாது சார்," என்றாள் டீச்சர். "அம்மாவும் பொண்ணும்தான் வந்திருக்காங்க."



கனத்த பூட்ஸோடு பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். ஒரு முதியவரின் காணாமல் போன பல் செட்டை இன்னொரு முதியவரின் வாயிலிருந்தே அத்தை கண்டுபிடித்துக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு அத்தை மேல் பக்தி.

"போன் கிடைச்சிருச்சு மேடம். மேல் தளத்துல, கடைசி நாற்காலில." அவர் குழந்தையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குதிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறோம். கப்பலைத் திருப்பித் தேடறதான்னு கேப்டன் இருட்டறதுக்குள்ள முடிவு பண்ணணும்."

"குழந்தை?"

"நாளைக்குக் காலைல துறைமுகத்துல போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். அவங்க ஏதாவது காப்பகத்துல சேர்ப்பாங்க. விதிமுறை அப்படி மேடம், நான் என்ன பண்ண?"

சிட்டு நீலப் பென்சிலை வைத்துவிட்டு மஞ்சளை எடுத்தாள். அத்தை அந்தக் கையையே பார்த்தார். பெயர் தெரியாத ஏதோ ஊரில், முகம் தெரியாதவர்கள் நடுவில், நாளை இரவு இந்தக் குழந்தை படுக்கப் போகிறது.

"காலைலேர்ந்து இவ அழவே இல்லையா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

"இல்ல மேடம். முதல் நாள் ஒரு காபி குடிச்சுட்டு வர்ற நேரம்தான் விட்டுட்டுப் போனாங்க. அதுக்கே ஊரைக் கூட்டிட்டா. மறுநாள் கொஞ்சம் அதிகம். அப்புறம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும். அப்புறம் தூங்கி எழுந்திருக்கற வரைக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டினாங்க. இவளும் தினமும் அழுவா. ஆனா முந்தாநாள்லேர்ந்து சட்டுன்னு நிறுத்திட்டா. இப்போ அவ்வளவு சமர்த்து."

"சட்டுன்னா?"

"குழாயை மூடின மாதிரி, மேடம்."

*

மேல் தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. வெயில் இறங்கிவிட்டது, ஆனால் வெளிச்சம் இன்னும் இருந்தது. மாப்பிள்ளை தளத்தின் ஓரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார்.

"அத்தை, ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். எனக்குப் படிக்கட்டு வெச்ச குளத்துலதான் நீச்சல் வரும்."

சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீரைப் பார்த்தார். அவ்வளவு தண்ணீர். அவருக்கே தன் பேச்சு பிடிக்காமல் போய்த் தள்ளி வந்துவிட்டார்.

"இங்கதான் இருந்தது," என்று அதிகாரி கடைசி நாற்காலியைக் காட்டினார். "துண்டுல சுத்தி வெச்சிருந்தாங்க. துடைக்க வந்த பையன் துண்டை உதறும்போதுதான் கீழ விழுந்துச்சு."

"துண்டு எப்படிச் சுத்தியிருந்தது?"

"இறுக்கமா. நல்லா மடிச்சு மடிச்சு."

அத்தை நாற்காலிக்கும் கம்பிக்கும் இடையில் நடந்து பார்த்தார். நாற்காலி கம்பிக்குப் பக்கத்தில் இல்லை. புகைபோக்கியின் இரைச்சலுக்கு அடியில், யாரும் உட்கார விரும்பாத இடத்தில் கிடந்தது.

"செருப்பு, கைப்பை, வேற ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ம்," என்றார் அத்தை. அந்த ஒற்றை எழுத்துக்கு அர்த்தம் மாப்பிள்ளைக்குத் தெரியும். மாமியாருக்கு எங்கோ உறுத்துகிறது, ஆனால் இப்போது கேட்டால் நாய் மாதிரி வள்ளென்று விழுவார்.

*

அறைகள் இருக்கும் தளத்தில் நடைபாதை நீண்டுகொண்டே போனது. இருபுறமும் ஒரே நிறக் கதவுகள்.

"எல்லாக் கதவும் ஒரே அச்சு அத்தை. நேத்து பக்கத்து ரூமைத் தட்டி 'செல்லம், கதவைத் திற'ன்னேன். மீசை வெச்ச ஒரு மிலிட்டரிக்காரர் திறந்தாரு. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் என்ன பேசறதுன்னு தெரியாம நின்னோம்."

"வாயை மூடிட்டு வாங்க மாப்பிள்ளை."

சிட்டுவின் அறைக்கு ஜன்னல் இல்லை. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, திரும்பினால் இடிக்கிற குளியலறை. அதிகாரி வாசலில் நின்றுகொண்டார். அத்தை எதையும் தொடாமல் சுற்றிப் பார்த்தார்.

பல் துலக்கும் பிரஷ், சீப்பு, குட்டித் துண்டு எல்லாம் சுவரில் தாழ்வாக, ஒட்டுக் கொக்கிகளில் தொங்கின. நாலு வயதுக் கைக்கு எட்டும் உயரம். அம்மாவின் பொருள்கள் மேலே ஓர் ஓரமாக, யாரோ விருந்தாளியின் பொருள்கள் போலக் கொஞ்சமாக இருந்தன. அவற்றில் ஒரு மாத்திரை டப்பா. அத்தை அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"என்ன மாத்திரை அத்தை?"

"வலிக்கு. சாதாரண வலிக்கு இல்ல. உங்க மாமனாருக்குக் கடைசில இதுதான் குடுத்தாங்க."

மாப்பிள்ளை மெதுவாக அலமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் புத்தம் புதிய குழந்தைச் செருப்புகள் வரிசையாக இருந்தன. முதல் ஜோடி சிட்டுவின் காலுக்குச் சரியாக இருக்கும். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. கடைசி ஜோடி பள்ளிக்கூடத்தில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கானது.

மாப்பிள்ளை அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து, கடைசி ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வளர வளரப் போட்டுக்கட்டும்னு..." என்றார். "தான் இருந்து வாங்கிக் குடுக்க முடியாதுன்னு தெரிஞ்சிருக்கு. அத்தை, அந்த அம்மா நிஜமாவே போயிட்டாங்க."

அதிகாரி வாக்கிடாக்கியை எடுத்தார். "கேப்டன்கிட்ட சொல்லிடறேன் மேடம். திருப்பச் சொல்லிடறேன்."

"இருங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க." அத்தை கட்டிலில் உட்கார்ந்தார். "சாகப் போறவங்கதான். அதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா இன்னிக்குச் சாகல."

"எப்படிச் சொல்றீங்க?"

"தண்ணில குதிக்கப் போறவளுக்கு போன் என்ன சுமையா? கையோட வெச்சிருப்பா, இல்ல விட்டு எறிஞ்சிருப்பா. இவ அதைத் துண்டுல இறுக்கிச் சுத்தி, கப்பல்லயே ரொம்ப இரைச்சலான இடமாத் தேடிப்போய் வெச்சிருக்கா. மணி அடிச்சா யாருக்கும் கேட்கக் கூடாது. தான் இருக்கற இடத்துலேர்ந்து அடிக்கவே கூடாது. அடிச்சா காட்டிக் குடுத்துடும். மணிச் சத்தத்துக்குப் பயப்படறவ ஒளிஞ்சிருக்கறவதான் தம்பி."

"யாருக்குப் பயந்து ஒளியறாங்க?"

"அதான் தெரியல." அத்தை எழுந்தார். "தினமும் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தை நீட்டியிருக்கா. குழந்தைக்குப் பாலை மறக்கடிக்கறது இப்படித்தான். ஒரே நாள்ல நிறுத்த மாட்டாங்க. இவ பாலை மறக்கடிக்கல, அம்மாவை மறக்கடிச்சிருக்கா. சரி, மறக்கடிக்கறப்ப குழந்தை மெதுவா, சிணுங்கிச் சிணுங்கித்தான் அழுகையை விடும். குழாயை மூடின மாதிரி நிறுத்தாது. முந்தாநாள் ஏதோ நடந்திருக்கு. வாங்க, கிளப்புக்குப் போவோம்."

"கப்பலைத் திருப்பற விஷயம் மேடம்?"

"வெளிச்சம் இருக்கற வரைக்கும் டைம் குடுங்க."

*

சிட்டு அதே இடத்தில் இருந்தாள். டீச்சர் பிஸ்கட்டும் பாலும் கொடுத்திருந்தாள். அவள் பாதி பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைச் சுவரை நோக்கி நீட்டிக் காட்டிவிட்டு, அதையும் சாப்பிட்டாள்.

அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

அந்தச் சுவர் உண்மையில் சுவர் இல்லை, கண்ணாடித் தடுப்பு. கூரை வரைக்கும் கலர் கலராக மீன் ஸ்டிக்கர்கள் ஒட்டி மூடியிருந்தார்கள். சிட்டு வரைந்து முடித்த காகிதத்தை எடுத்தாள். எழுந்து நின்றாள். கீழே, தன் முகத்துக்கு நேராக இருந்த ஊதா மீனுக்கு முன்னால் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்து அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

"அந்த மீன்னா அவளுக்கு உசிரு மேடம்," என்றாள் டீச்சர். "எது வரைஞ்சாலும் அதுக்குத்தான் முதல்ல காட்டுவா."

"எப்போலேர்ந்து?"

டீச்சர் யோசித்தாள். அவள் முகம் மாறியது. "முந்தாநாள்லேர்ந்து."

அத்தை மெதுவாகப் போய்ச் சிட்டுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊதா மீனை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தார். மீனுக்குக் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் சின்னக் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. கண்ணாடியில் சாய்ந்துகொள்வதுபோலச் சாய்ந்து, ஒரு விரலால் பக்கத்து மீனின் ஓரத்தைச் சுரண்டினார். விரலுக்கு வழவழவென்று கண்ணாடி மட்டும்தான் தட்டுப்பட்டது.

"ஸ்டிக்கர் இந்தப் பக்கம் ஒட்டலையா?"

"இல்ல மேடம். இந்தப் பக்கம் ஒட்டினா பசங்க ஒரே நாள்ல பிய்ச்சுடுவாங்கன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒட்டியிருக்காங்க."

"அந்தப் பக்கம் என்ன?"

"லைஃப் ஜாக்கெட் வைக்கற ஸ்டோர். ஆபத்துன்னா பசங்களுக்கு உடனே மாட்டிவிடணும்ல, அதனால பக்கத்துலயே வெச்சிருக்கோம். பூட்டே கிடையாது. பூட்டக் கூடாதுன்னு சட்டம்."

மாப்பிள்ளையின் தலை மீனை நோக்கித் திரும்பத் தொடங்கியது.

"அந்தப் பக்கம் திரும்பாதீங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை உதடு அசையாமல். "என்னைப் பார்த்துச் சிரிங்க. ஏதாவது ஜோக் சொல்லுங்க."

"தேவைப்படும்போது வரமாட்டேங்குது அத்தை."

பயமுறுத்தினால் அந்த அம்மா எழுந்து ஓடக்கூடும். கப்பலில் எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் கம்பியும் கடலும்தான். அத்தை அவசரப்படவில்லை. குனிந்து சிட்டுவின் படத்தைப் பார்த்தார். ஒரு பெரிய ஆள், ஒரு சின்ன ஆள், நடுவில் ஒரு கோடு.

"மீனுக்குப் படம் காட்டறியா கண்ணு?"

சிட்டு உதட்டின்மேல் விரலை வைத்தாள். "சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானேதான்."

"எனக்கு மட்டும்? காதுல?"

சிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள்.

அத்தை எழுவதற்குக் கையை நீட்டினார். மாப்பிள்ளை பிடித்துத் தூக்கிவிட்டார். மாமியாரின் கண்ணில் அவர் அதுவரை தண்ணீர் பார்த்ததில்லை, மாமனாரின் படத்துக்கு மாலை போட்ட அன்றுகூட.

"என்ன சொன்னா அத்தை?"

"வாங்க, சொல்றேன்."

*

ஸ்டோர் கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. முன்வரிசையில் குழந்தைகளுக்கான சின்னச் சின்ன ஜாக்கெட்டுகள். தேட வந்த ஆள் கதவைத் திறந்து பார்த்து, அடுக்கைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான். அடுக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற சந்து இருந்தது. அதில், கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி சிட்டுவின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் திடுக்கிடவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்தாள். மகள் செய்த அதே மாதிரி.

"சத்தம் போடாதீங்க. அவளுக்குக் கேட்டுடும்."

முப்பது வயதுகூட இருக்காது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அத்தை ஜாக்கெட் ஒன்றைக் கீழே போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் உங்களைக் கடல்ல தேடறாங்கம்மா."

"தெரியும். ஒலிபெருக்கில கேட்டுது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு உட்கார்ந்துட்டேன். அப்புறம் பூட்ஸ் சத்தமெல்லாம் கேட்டதும் வெளிய வரவே பயமாப் போச்சு."

"எதுக்குத் தாயி இதெல்லாம்?"

"டாக்டர் கையை விரிச்சுட்டாங்க." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. "இவ அப்பா இவ வயித்துல இருக்கும்போதே போயிட்டாரு. என்னை விட்டா இவளுக்கு வேற பழக்கமே இல்ல. வீட்டுல பழக்கிப் பார்த்தேன், முடியல. எந்த மூலைல இருந்தாலும் தேடி வந்துடுவா. கப்பல்னா நல்ல டீச்சர் இருப்பாங்க, கதவு மூடியிருக்கும், அவ ஓடிவர முடியாதுன்னு கூட்டிட்டு வந்தேன். சாப்பாட்டு நேரம், தூங்கற நேரம், விழுந்து அடிபடற நேரம், எல்லாத்துக்கும் நான் இல்லாமப் பழக்கிட்டேன். ஒரே ஒரு நேரம்தான் பாக்கி இருந்தது."

"எது?"

"எல்லார் அம்மாவும் வந்து கூட்டிட்டுப் போற நேரம். நாளைப்பின்ன பள்ளிக்கூடம் போனா தினமும் அது வரும்ல? அதை அவ எப்படித் தாங்கறான்னு, நான் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துடணும்னு நினைச்சேன்."

வாசலில் நின்ற மாப்பிள்ளை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பார்த்துட்டேன்," என்றாள் அவள். ஒட்டிப்போன முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அழவே இல்ல. எல்லாப் பசங்களும் போனாங்க, இவ நிமிர்ந்துகூடப் பார்க்கல. இனிமே எனக்குக் கவலை இல்ல. நாளைக்குக் கரைல எங்க அக்கா வந்து நிப்பா. இவளை அக்காகிட்ட விட்டுட்டு, நான் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். நான் கிடக்கறதை அவ பார்க்க வேண்டாம். நடமாடற அம்மாவாவே ஞாபகத்துல இருந்துட்டுப் போறேன்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு கேஸை முடித்து உண்மையை உடைக்கிற நிமிடம் அத்தைக்கு எப்போதும் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை. 'ஆமாம்மா, சமர்த்துப் பொண்ணு' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். சாகப் போகிறவளுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் நாளைக்கு அந்த அக்கா வீட்டில் சிட்டு ஒவ்வொரு சுவராகத் தேடுவாள். எந்தச் சுவரிலும் மீன் இருக்காது.

"ஒண்ணு சொன்னா தாங்குவியா?" அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ அழாதது பழகினதால இல்லம்மா. உன்னைப் பார்த்துட்டா. முந்தாநாளே பார்த்துட்டா."

அவளுக்குப் புரியவில்லை.

"நீ பிய்ச்சு எடுத்தியே மீன் கண்ணு, அது வழியா நீ அவளைப் பார்த்தே. அவ உன்னைப் பார்த்தா. அன்னிலேர்ந்துதான் அழல. வரையற படத்தையெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினாளே, மீனுக்குன்னா நினைச்சே?"

"இருக்காது," என்றாள் அவள். "பார்த்திருந்தா அம்மான்னு கத்தியிருப்பாளே. ஓடி வந்திருப்பாளே."

"என் காதுல சொன்னா. 'மீனுக்குள்ள எங்க அம்மா கண்ணு இருக்கு. முதல்ல அழுதேன், அது போயிடுச்சு. அழுகையை நிறுத்தினேன், வந்துடுச்சு. மறுபடியும் அழுதேன், போயிடுச்சு. அதான் நான் அழறதே இல்ல. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன்'ன்னா."

சிட்டுவின் அம்மா திரும்பி மீனின் கண் வழியாகப் பார்த்தாள். பிறகு அவள் வாய் கோணியது.

"அவ அழறதை என்னால பார்க்க முடியல. அழும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்குவேன். நிறுத்தினதும் பார்ப்பேன்..."

"ஆமா."

"அப்போ அழாம இருந்த ஒரு நாள்கூட அவ நான் இல்லாம இருக்கல."

"இல்லம்மா."

"இவ்வளவும் வீணா?"

"வீண்தான்," என்றார் அத்தை. "என் வீட்டுக்காரர் போகப் போறார்னு எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். மனசைத் தயார் பண்ணிட்டேன்னு நினைச்சேன். போன அன்னிக்கு அந்தத் தயாரிப்பு எதுவும் உதவல. அவர் கூட உட்கார்ந்திருந்த நாள்தான் உதவுச்சு. இதுக்கு ஒத்திகை கிடையாது தாயி. நீ எப்ப போனாலும் அவ அழத்தான் போறா. இருக்கற நாளையாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் இரு. அக்கா வந்தா அவளையும் கூட வெச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்கும் இவளைக் கூட்டிட்டுப் போ."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். எழ முயன்றாள், கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு பக்கம் அத்தையும் மறுபக்கம் மாப்பிள்ளையும் தாங்கிக்கொண்டார்கள். வெளியே அதிகாரி வாக்கிடாக்கியோடு நின்றிருந்தார். மூவரையும் பார்த்ததும் அதை வாயருகே கொண்டுபோய், "திருப்ப வேண்டாம் சார்," என்று மட்டும் சொன்னார்.

*

கிளப் கதவை டீச்சர் திறந்துவிட்டாள். சிட்டு இவர்கள் வந்ததைக் கவனிக்கவில்லை. ஊதா மீனுக்கு முன்னால், இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து நின்றுகொண்டிருந்தாள். மீனுக்குள் யாரும் இல்லை.

"நான் அழவே இல்லையே," என்று மீனிடம் சொன்னாள். "ஏன் போயிட்டே?"

அம்மா இரண்டு பேரின் கையிலிருந்தும் விடுபட்டாள். நடக்கத் தெம்பில்லாமல் வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சிட்டு."

குழந்தை திரும்பினாள். ஓடி வரவில்லை. நம்பிக்கை இல்லாமல் ஒருமுறை மீனைப் பார்த்தாள், ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்து, அம்மாவின் முகத்துக்கு எதிரே நின்றாள். உதடு துடித்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். நாலு வயதுக் குழந்தை பல்லைக் கடித்து அழுகையை அடக்குவதை யாரும் பார்க்கக் கூடாது. டீச்சர் பார்க்க முடியாமல் அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

"நான் இன்னிக்குப் பூரா அழலம்மா."

"தெரியும்டா கண்ணு. பார்த்தேன்."

"இப்போ அழட்டுமா?" என்று கேட்டாள் சிட்டு. "அழுதா போயிட மாட்டியே?"

அம்மா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"இப்போ போக மாட்டேன்," என்றாள். "அழுடா."

சிட்டு அம்மாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முந்தாநாளிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். வாயைத் திறந்து, மூச்சு முட்டி, தொண்டை கம்மி அழுதாள். அம்மா அவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், மகள் அழுது முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.